மார்க் நோட்டு

இரயுமன்துறை வயர்லெஸ் அறையில்
இரவுப் பணி எனக்கு.
முப்பது மைல் வரை என் காதுக்கு எட்டும்.
அதற்கு அப்பால் உள்ள சேதி
படகு படகாய் வாய்மாறி வரும்.

போன வருடம் கமிட்டி கூடி முடிவெடுத்தது:
கடலில் ஒருவன் கேட்டால்
பதில் சொல்லும் போட்டுக்கு மார்க்.
சொன்னால் ஒன்று.
சொன்னது பலித்தால் ஐந்து.
கயிறு போட்டு இழுத்து வந்தால் இருபது.
நூறு தாண்டினால் வீல் ஹவுஸ் நெற்றியில்
வெள்ளி நட்சத்திரம்; ஐநூறுக்குத் தங்கம்.
பெயின்ட் செலவு கமிட்டிக்கு.
நோட்டு எனக்கு,
டெல்பின் எழுத்து அச்சுப்போல இருக்கும் என்பதால்.

முதல் இரண்டு மாதம்
கல்யாண வீடு போலப் பேசியது கடல்.
டீசலில் தண்ணீர் என்று ஒருவன் சொல்லி முடிக்குமுன்
ஏழு பேர் வழி சொன்னார்கள்.
என் பேனா மை தீர்ந்தது.
கிளீட்டஸின் போட்
ஓணத்துக்கு முன்பே தங்கம் வாங்கியது.
அவர் கெட்டிக்காரர்தான், அதை மறைக்க மாட்டேன்.
இன்ஜின் இருமுவதை வயர்லெஸில் கேட்டே
எத்தனாவது சிலிண்டர் என்று சொல்வார்.

பிறகு
மச்சானிடம் மச்சான்
தெரிந்ததையே கேட்கத் தொடங்கினான்.
கொச்சியில் சூரை என்ன விலை,
முட்டத்துக்கு எத்தனை டிகிரி,
இன்றைக்கு என்ன கிழமை.
ஒன்று, ஒன்று, ஒன்று என்று எழுதினேன்.
தெரியாதவர்களும் சொல்லத் தொடங்கினார்கள்.
யாரோ சொன்னான் என்று
ததேயுசின் மகன் கியர் ஆயிலை வடித்துவிட்டு
இரண்டு இரவு நீரோட்டத்தின் கையில் கிடந்தான்.
சொன்னவனுக்கு ஒரு மார்க் அப்போதே எழுதிவிட்டேன்.
கழிக்க விதி இல்லை.

மூன்றாம் நாள் இழுத்து வந்தது கிளீட்டஸ்.
மீனோடு திரும்பவேண்டியவர்
வெறும் ஐஸோடு வந்தார்.
இருபது. நியாயம்தான்.

கையெழுத்துப் போட வந்த பையன்
கதவோரம் நின்றுகொண்டே இருந்தான்.
"அக்கா, இன்னொண்ணு உண்டு.
பாட்டரி போவுது வரை
மணிக்கொருக்க ஆளிருக்கான்னு கேப்பேன்.
மணிக்கொருக்க ஒருத்தரு
கேக்கேன்னு சொல்லுவாரு.
வேற ஒண்ணும் சொல்லல்ல."

விசாரித்தேன். தாசையன்.
வேறொரு போட்டில் சமையல்காரன்.
இன்ஜினில் ஒரு போல்ட்டின் பெயரும் தெரியாது.
நோட்டை முன்னும் பின்னும் புரட்டினேன்.
பதில் என்று ஒரு கட்டம் உண்டு. பலன் என்று ஒன்று.
கேட்டதற்குக் கட்டம் போடவில்லை நாங்கள்.

செயலாளர் சில்வெஸ்டர் சிரித்தார்:
"கேட்டதுக்கெல்லாம் மார்க் போட்டா
பிறகு கடல் முழுக்கக் காதாத்தான் கிடக்கும்."
கிடக்கட்டுமே என்று நான் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம்.

திருவிழா ஏழாம் நாள் ஷீல்டு கொடுத்தார்கள்.
நாற்பத்தொரு போட்டின் பெயரும்
மைக்கில் மேலிருந்து கீழாக வந்தது.
கடைசிப் பெயர் வந்தபோது
ஜெனரேட்டர் சத்தம்தான் கேட்டது.
அந்தப் போட்டின் சமையல்காரன்
கூட்டத்துக்குப் பின்னால்
கடலை தின்றுகொண்டிருந்தான்.
போய்க் கேட்டேன்,
அந்த ரெண்டு ராத்திரியும் எதுக்கு முழிச்சிருந்தீரு?
"உறக்கம் வரல்ல," என்றான்.
"அரிசி வேற ஊறப் போட்டிருந்தேன்."
ஒரு கை கடலை நீட்டினான்.

நேற்று விடியற்காலை மூன்று மணி.
பக்கத்துக் கடலிலிருந்து ஒரு குரல்:
ஆளிருக்கா?
தங்கமும் வெள்ளியும்
அந்தச் சுற்றில் பதினோரு போட் கிடந்தது.
கேள்வி என்னவென்று தெரியாமல்
யாரும் வாய் திறக்கவில்லை.

கரைக்கு மார்க் கிடையாது.
பட்டனை அழுத்தினேன்.
கேக்கேன்.

"ஒண்ணுமில்லக்கா. சும்மா."

அங்க மழை உண்டா என்று
நானும் சும்மா கேட்டேன்.