ஏழாம் பிரிவு, உப பிரிவு இ

கொட்டாஞ்சேனை, நாலாம் மாடி.
செவ்வாய் விடியப்புறம் மூன்றேகாலுக்கு
சீலிங் வாய் திறந்தது.
முதலில் சுண்ணாம்பு. பிறகு தண்ணி.
பிறகு மேல்வீட்டில் யாரோ
கழுவாமல் விட்டுப்போன
ஒரு கரண்டியின் துருமணம்.

மேல்வீட்டுக்காரர் ஒஸ்லோவில்.
திறப்பு அவருடைய மச்சானிடம்.
மச்சான் நீர்கொழும்பில், ஒரு செத்தவீட்டில்.
தண்ணிக்கு யாருடைய திறப்பும் தேவைப்படவில்லை.

மெத்தை, அலுமாரி,
டிலக்சனின் ஓ.எல். சான்றிதழ்,
இருபது கிலோ சம்பா,
என் தையல் மெஷினின் மோட்டர்.
வாளியும் சட்டியும் வைத்து ஏந்தியது கொஞ்சம்.
மிச்சம் மூன்றாம் மாடிக்கு இறங்கியது.
அங்கிருந்து சோமலதா நோனா ஏசிய சிங்களம்
ஒரு சொல் விடாமல் எனக்கு விளங்கியது.

காப்புறுதிப் பத்திரம் மட்டும்
பிஸ்கட் டின்னுக்குள் காய்ந்தபடி இருந்தது.
முப்பத்தாறு பக்கம், முழுக்க ஆங்கிலம்.
டிலக்சன் வாசித்துச் சொன்னான்:
திடீரென வெடித்தால் தருவார்களாம்.
மெல்ல மெல்லக் கசிந்தால் தரமாட்டார்களாம்.
ஏழாம் பிரிவு, உப பிரிவு இ:
குழாய் உறைந்து வெடித்தால்
முழுத் தொகையும் உண்டு.

'உறைஞ்சா?'
'ஐஸாகி, அம்மா.'

எந்தக் குளிர்நாட்டில் யார் எழுதினதோ.
இங்கே யாரோ வியர்க்க வியர்க்க
போட்டோக்கொப்பி அடித்திருக்கிறார்கள்.
வெளியில் முப்பத்திரண்டு பாகை.
ஈர மெத்தையில் இருந்து மூன்று பேரும் சிரித்தோம்,
இவருக்கு இருமல் வரும்வரைக்கும்.

மொன்றியலில் மெட்டில்டாவுக்கும் இதே கதை.
மாசிக் குளிரில் குழாய் வெடித்ததாம்,
பத்தாம் நாள் காசு வந்ததாம்.
'உங்கட குழாய் ஏனக்கா வெடிச்சது?' என்று கேட்டாள்.
அந்த ஊரில் குழாய்க்கும்
சொல்ல ஒரு காரணம் இருக்கிறது.

வியாழன் மதிப்பீட்டாளர் வந்தார்.
துவான் ஸல்தீன் என்று பெயர்.
சப்பாத்தையும் மேசையும் வாசலில் கழற்றிவிட்டு
ஈரத்தரையில் வெறுங்காலோடு நடந்தார்.
மெத்தைக்குத் தேய்மானம் ஐம்பது வீதம்.
அலுமாரிக்கு எழுபது.
அரிசிக்கு அவருடைய தாளில் நிரல் இல்லை.

பிறகு குசினி மூலையில் நின்றார்.
மஞ்சள் கறை.
மரத்தை அறுத்தால் தெரிவது போல
ஒன்றைச் சுற்றி ஒன்றாய் வளையங்கள்.
'இது செவ்வாய்க்கிழமை வந்ததா, மிஸிஸ்?'

தை மாதத்திலிருந்து எனக்குத் தெரியும்.
முதலில் ஒரு ரூபாய்க் குத்தி அளவு,
பிறகு சாசர் அளவு.
பங்குனியில் அதன்மேல் கலண்டரை மாட்டினேன்.
இவருக்குக் கிழமை விட்டுக் கிழமை
துறைமுகத்தில் இரவு வேலை.
டிலக்சனுக்குக் காதில் எந்நேரமும் வயர்.
பூட்டிக்கிடந்த வீட்டுக்குள்ளிருந்து
ஒரு சொட்டு.
பத்தொன்பது எண்ணினால் இன்னொன்று.
அந்த நேரத்தில் என்னோடு விழித்திருந்தது
அது ஒன்றுதான்.
சொல்லியிருந்தால் நிற்பாட்டியிருப்பார்கள்.

'செவ்வாய்க்கிழமைதான்' என்றார் இவர், பின்னாலிருந்து.
அவருக்கு அது உண்மை.

ஸல்தீன் சுவரிலிருந்த ஆணியைப் பார்த்தார்.
ஆணியைச் சுற்றி, கலண்டர் அளவுக்கு,
வெளுக்காத சதுரத்தைப் பார்த்தார்.
ஒரு வரி எழுதினார்.
என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை.
காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன்.
தேத்தண்ணி வேண்டாம் என்றுவிட்டு
நனைந்த மேசைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

கடிதம் இன்னும் வரவில்லை.
மொட்டைமாடியில் காயப்போட்ட சம்பாவைக்
காகங்கள் தேய்மானம் பாராமல் தின்கின்றன.
மச்சான் வந்து மேல்வீட்டைத் திறந்து
புதுக் குழாய் போட்டுவிட்டார்.
நல்ல குழாய். பத்து வருஷ உத்தரவாதமாம்.

நேற்றிரவு பத்தொன்பது எண்ணினேன்.
இருபது.
நாற்பது.
'நித்திரை வரேல்லையா?' என்றார் இவர்.
'மோட்டர் காஞ்சிட்டுதோ எண்டு பாக்கிறன்' என்றேன்,
இருட்டில், மெஷினுக்குப் பக்கத்தில்கூடப் போகாமல்.