ஒரு மணி முந்திய தீவு

கடல்விமானத்தை விட்டு இறங்கியதும்
ஈரத்துண்டு, இஞ்சித் தண்ணீர்,
பிறகு ஒரு வேண்டுகோள்:
"கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிக்கொள்ளுங்கள், மேடம்.
மாலேக்கு ஒரு நேரம், எங்கள் விடுதிக்கு ஒரு நேரம்.
உங்களுக்கு மாலை வெயில் கூடக் கொஞ்சம் கிடைக்கும்."
சொன்னவன் ஷமூன்.
சட்டையில் குத்திய பித்தளைத் தகட்டில்
பெயருக்குக் கீழே மாலத்தீவு என்றும் இருந்தது.

கணக்கு எழுதிப் பிழைப்பவள் நான்.
எங்கிருந்து எடுத்து எங்கே வைக்கிறார்கள் என்று
பார்க்காமல் இருக்க முடியாது எனக்கு.
அலுவலகம் பரிசாகக் கொடுத்த நான்கு இரவுகள்.
ஓர் இரவின் விலை
என் இரண்டு மாதச் சம்பளம்.

தண்ணீர்மேல் வீடு.
படுக்கையின் காலடியில் கண்ணாடித் தரை,
அதன் கீழே வரிவரியாய் மீன்கள்
என் பாதத்தைப் பார்த்து ஒதுங்கின.
தினமும் மதியம் குளியல் துண்டில்
ஓர் அன்னம் மடித்து வைத்துவிட்டுப் போவான்.
இரண்டாம் நாள் அதற்கு
என் மூக்குக்கண்ணாடியை மாட்டியிருந்தான்.
பிரிக்க மனம் வரவில்லை;
ஈரத்தலையை இரவுச்சட்டையில் துவட்டினேன்.

அது நோன்பு மாதம். எனக்குத் தெரியாது.
உச்சிவெயிலில் இளநீர் கேட்டேன்.
"குரும்பா?" என்றான்.
குரும்பை! என்றேன்,
தொலைந்த தோடு கிடைத்தாற்போல.
அவர்கள் படகும் தோணிதானாம்.
இந்த இரண்டு சொல்லின் உரிமையில்
உட்கார், நீயும் ஒன்று குடி என்றேன்.
சீவிய காயை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி
"மாலையில், மேடம்" என்றான்.
உதடு வெடித்திருந்தது.

அன்று சாயங்காலம்
மேற்கு பார்த்த பலகை மேடையில் கூடினோம்.
ஆரஞ்சு நிறத்தில் ஒரு பானம்.
வானம் அதே நிறத்துக்கு வந்துவிட்டதா என்று
ஒரு ஜெர்மன்காரர் கோப்பையைத் தூக்கி ஒப்பிட்டார்.
போகாதே, இன்னும் கொஞ்சம் நில் என்று
நாங்கள் கெஞ்சிக்கொண்டிருந்தோம்.
தட்டேந்தி நின்ற ஷமூன்
விழு, விழு என்று.
வாயால் சொல்லவில்லை.
தொண்டைக்குழி ஏறி இறங்கியதில் கேட்டது.

ஒரே சூரியன்.
எங்களுக்கு ஏழே கால்.
கடலுக்கு அந்தப்பக்கம்
பச்சைக் கோடாய்த் தெரியும் அவன் ஊரில்
ஆறே கால்.
அங்கிருந்து பாங்கு காற்றோடு பாதி வந்தது.
மீதியை இங்கே சாக்ஸபோன் தின்றுவிட்டது.

கழிவறைக்கு வழி தவறி
சமையற்கட்டின் பின்பக்கம் போய்விட்டேன்.
கவிழ்த்த பிளாஸ்டிக் பெட்டிகளில் பதினோரு பேர்.
பேரீச்சம்பழம். மீன் உருண்டை.
கை மாறிக் கை மாறிப் போகும் தண்ணீர் பாட்டில்.
எண்ணெய் டின்னில் சாய்த்து வைத்த போனில்
ஒரு பெண், மடியில் ஒரு குழந்தை,
அதன் கையில் ஒரு கரண்டி.
"நாஷியா" என்று அறிமுகப்படுத்தினான்.
தோணியில் இருபது நிமிடம்.
போய் நாற்பது நாள்.

இரவு தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன்.
விடுதியின் ஆறு மணி வேலைக்கு
அவன் ஊரின் ஐந்து மணிக்கே எழ வேண்டும்.
என் மாலையில் வரவு வைத்தது
யாருடைய விடியலில் பற்று?
இரண்டு பக்கமும் சரியாக வந்தது.
சரியாக வருகிற கணக்கைத்தான்
நான் எப்போதும் இரண்டாம் முறை பார்ப்பேன்.

கிளம்பும் நாளில் பில் வந்தது.
தண்ணீர் பாட்டில் இரண்டு, மசாஜ் ஒன்று,
பத்திலிருந்து பதினைந்து சதவீதம் வரை ஏதேதோ வரிகள்.
அந்த நான்கு மணி நேரம் எங்கும் இல்லை.
விமான நிலையத்தில் முள்ளைப் பின்னுக்குத் திருப்பினேன்.
யாருக்கும் எதுவும் திரும்பப் போகவில்லை,
முள் மட்டும் போயிற்று.

கடைசி வரியில்: குளியல் துண்டு ஒன்று,
நாற்பது டாலர்.
மறுக்கவில்லை.
அன்னம் என் பெட்டியில் இருந்தது.