உறை

பாசிக்குடாவில் கடல் இடுப்பளவுதான்,
எவ்வளவு தூரம் நடந்தாலும்.
அதைத் தாண்டி, அலை உடைகிற கோட்டுக்கு அப்பால்,
கிருபைராசா மணல் பார்த்து நங்கூரம் போடுகிற இடத்தில்
பதினாலாம் இலக்க முருகை.
ஒரு மாட்டுவண்டிச் சில்லளவு.
விளிம்பில் வெள்ளைக் கோடு.

சித்திரையில் கோடு ஒரு விரல் அகலம்.
வைகாசியில் நாலு விரல்.
கோட்டுக்கு இந்தப் பக்கம் உயிர்,
அந்தப் பக்கம் சுண்ணாம்பு.
கச்சான் அடிக்கத் தொடங்கியிருந்தது.
தண்ணீர் முப்பத்தொரு பாகை.

நான் மருத்துவர் இல்லை.
வந்தாறுமூலை ஆய்வுகூடத்தில்
கண்ணாடித் தட்டுக் கழுவுகிறவள், எண்ணுகிறவள்,
மூடியில் சிவப்பு மையால் திகதி போடுகிறவள்.
ஆனால் நீருக்கடியில்
முருகையின் தோலை ஊசிக்குழாயால் தொட்டு
அதன் சளியை உறிஞ்சி எடுத்தவள் நான்தான்.
சளிதான். சொல்ல வெட்கமில்லை,
தடிமன் பிடித்த மூக்கின் அதே வழுவழுப்பு.
ஒரு துளிக்குள் ஓர் ஊர்.
குடியிருக்கிறவர்கள் வாடகையைக்
காவல் இருந்து கழிக்கிறார்கள்.
தண்ணீர் சூடேறினால்
முதலில் ஊரைவிட்டு ஓடுவதும் அந்தக் காவல்தான்.

தட்டில் முதலில் நோயை விதைத்தேன்.
மார்கழிப் பனிபோல் மங்கலாய்ப் படர்ந்தது.
அதன்மேல் சளியின் குடிகளை ஒவ்வொன்றாய்ப் புள்ளி வைத்தேன்.
நாற்பத்தாறு பேர்.
நாற்பது பேர் சும்மா இருந்தார்கள்.
ஐந்து பேர் நோயோடு கூடிக்கொண்டார்கள்.
ஒருத்தி, முப்பத்துமூன்றாம் இலக்கம்,
விடியப் போய்ப் பார்க்கையில்
தன்னைச் சுற்றி ஒரு வட்டம் துடைத்து வைத்திருந்தாள்,
மழைக்கு முதல்நாள் நிலாவை ஊர்கோள் சூழ்ந்ததுபோல.
வட்டத்துக்குள் நோய் கால் வைக்கவில்லை.
நுஸ்கி படம் எடுத்தான்.
நான் கதிரையில் இருந்துவிட்டேன்.

மறுகா கரண்ட் போனது.
ஜெனரேற்றரில் டீசல் இல்லை,
டீசலுக்குக் கடிதம் எழுத வேண்டுமாம்.
முப்பத்துமூன்றைக் குப்பியில் அடைத்து,
மூடியை மூன்று சுற்று ஒட்டி,
பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோய்
கிருபைராசாவின் ஐஸ் பெட்டியில், பாரைகளுக்கு நடுவே இறக்கினேன்.

"என்ன புள்ள இது?"
"உறை."
"தயிருக்கா?"
"முருகைக்கு."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை.
வீட்டில் எருமை நாலு.
உறை கெட்டால் சட்டி கெடும் என்று தெரிந்தவர்.
பாரைகளை ஒதுக்கி
இன்னும் கொஞ்சம் ஐஸ் அள்ளிப் போட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நினைத்தேன்:
பால் உறைகிறது. கத்திக்கு உறை உண்டு.
ஊரில் உயிர் உறைகிறது.
எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்
முருகையைத் தொட்டிருப்பாரோ என்னவோ.

ஆனியில், நீரோட்டம் ஓய்ந்த ஒரு காலை,
பதினாலைப் பிளாஸ்டிக் பையால் போர்த்தி
கோட்டின் ஓரமாய் ஊற்றினேன்.
கலங்கல் மோர்போல் ஒரு புகை. கரைந்தது.
கிளாத்தி ஒன்று வந்து பார்த்து
தின்ன ஒன்றுமில்லை என்று கிறுகிப் போனது.

பதினாலில் கோடு நிற்கிறது. ஆறு கிழமை.
பதினைந்துக்கும் ஊற்றினோம்,
அது முழுக்க வெளுத்துப் போயிற்று.
பதினாறுக்கு ஒன்றும் ஊற்றவில்லை,
அதுவும் நிற்கிறது. ஏனென்று தெரியாது.
படிவத்தில் 'பலன்' என்ற கட்டத்தில்
தண்ணீரின் சூட்டை எழுதிவிட்டு
மிச்சத்தை வெறுமையாய் விட்டிருக்கிறேன்.

இன்றைக்கும் போகிறோம்.
"உறைஞ்சிட்டா?" என்கிறார் கிருபைராசா.
"தெரியா."
அலைக்கோட்டைத் தாண்டியதும்
நான் சொல்லாமலே எஞ்சினை நிறுத்துகிறார்.
"சட்டிய அசைக்கப்படா" என்று
துடுப்பை எடுக்கிறார்.