இடது ஓரத்து நாற்காலி

எமல்டாவுக்கு திடீரென்று நைட் டூட்டி.
அவளுடைய டிக்கெட் என்னிடம் வந்தது,
"முந்நூறு ரூபா, சம்பளம் வந்ததும் குடு."
மஞ்சக்குப்பம் டவுன் ஹாலுக்கு
அந்தப் படம் பாட்டும் ஆட்டமுமாக வந்திருந்தது,
சென்னையிலிருந்து, இரண்டு லாரியில்.

எல்லாரும் பார்த்த படம்தான்.
சிதம்பரம் பஸ்ஸில், பொங்கலன்று டிவியில்,
பிரசவ வார்டு வராந்தாவில்
தூங்கிப்போன யாரோ ஒரு கணவனின் செல்போனில்
சத்தமே இல்லாமல் ஒருமுறை முழுதாக.
சத்தம் தேவைப்படவில்லை.

என் நாற்காலி இடது ஓரம்.
அங்கிருந்து மேடை பாதிதான் தெரியும்.
மீதிக்குப் பதிலாக
பக்கத்திரைக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு முழம் இடைவெளி.
முதல் பாட்டு வரை எரிச்சல்.
இரண்டாவது பாட்டிலிருந்து
மேடையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

ரயிலேறிப் போன நாயகி
அட்டை ரயில் மறைந்ததும்
இந்த இடைவெளியில் வந்து நின்றாள்.
முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து
மூச்சு வாங்கினாள்.
அங்கே அவளைத் தேடி அவன் பாடுகிறான், விசில் பறக்கிறது.
இங்கே அவள்
வளையல்களைப் பல்லில் கவ்விக்கொண்டு
பச்சைச் சேலைக்குள் நுழைகிறாள்.
கத்திக்குத்தில் செத்துப்போன அண்ணன்
ஒரு கையில் வாழைப்பழத்தோடு
கொக்கி மாட்டிவிடுகிறான்.
குதிகாலில் ஏதோ குத்தியிருக்க வேண்டும்,
சேலை ஓரத்தால் துடைத்துக்கொண்டு ஓடுகிறாள்.

படத்தில் இது ஒரு வெட்டு.
இமைக்கும் முன் ஐந்து வருஷம்.
இங்கே அந்த ஐந்து வருஷத்துக்கு
ஒரு நிமிஷம் பத்து விநாடி.
வாட்சில் பார்த்தேன்,
நாடி பிடிக்கிறவளின் பழக்கம்.

இடைவேளைக்குப் பிறகு வெள்ளம் வந்தது.
ஆறு பையன்கள் நீலத்துணியை
இரண்டு முனையிலும் பிடித்து உதறினார்கள்.
பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:
"யாருக்குடா வெள்ளம் காட்டுற? கடலூருக்கா?"
ஹாலே சிரித்தது.
பாடிக்கொண்டிருந்தவனும் சிரித்துவிட்டான்,
அடுத்த வரியில் அழ வேண்டியிருந்தது, அழுதான்.
சிரிப்பு அடங்கியபின்
ஒருவரும் துணியிலிருந்து கண் எடுக்கவில்லை.
எனக்கு முன்னால் இருந்தவர்
செருப்புக் கால்களை மெல்லத் தூக்கி
நாற்காலிக் கட்டைமேல் வைத்துக்கொண்டார்.

கடைசிப் பாட்டில் அவள் ஒரு சொல்லைத் தவறவிட்டாள்.
நாங்கள் நானூறு பேர் சரியாகப் பாடினோம்.
அவள் வந்து எங்களோடு சேர்ந்துகொண்டாள்.

பத்தே முக்கால்.
லாரியில் ஏறிக்கொண்டிருந்தது ரயில் நிலையம்,
பெயர்ப்பலகை தலைகீழாக.
வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன்.
தோளில் ஒரு கை.
"அக்கா, இங்க பாத்ரூம் எங்க இருக்கு?
உள்ள பூட்டிட்டாங்க."

அவளுடைய வசனம் முழுதும் எனக்கு மனப்பாடம்.
ஒன்றுகூட வாயில் வரவில்லை.
"வா, ஆஸ்பத்திரி பக்கத்துலதான்."

ஊர் கம்பம் என்றாள், பெயர் ஷிஃபானா.
நாளை விழுப்புரம், மறுநாள் சேலம்.
"எப்படி இருந்துச்சுக்கா?"
"நீ நல்லா மூச்சு வாங்கின."
நின்றுவிட்டாள்.
"எந்த சீட்டு நீங்க?"

வார்டு வாசலில் எமல்டா நிமிர்ந்து பார்த்தாள்:
நனைந்த பச்சைச் சேலை, நெற்றியெல்லாம் சிவப்பு.
நான் வாய் திறப்பதற்குள்
கையுறை மாட்டி, தையல் தட்டை எடுத்துவிட்டாள்.
பஞ்சால் துடைக்கத் துடைக்க
சாயம் போனது.
அடியில் ஒரு கீறலும் இல்லை.
"காலைப் பாரு," என்றேன்.
"அது நிஜம்."

ஆணி. அரை விரல் ஆழம்.
டி.டி. ஊசிக்கு மட்டும் கத்தினாள்,
மேடையில் ஒருமுறையும் எட்டாத உச்சத்தில்.
வெளியே வேன் ஹாரன் அடித்தது.
கட்டுப்போட்ட காலை ஊன்றாமல்
படியிறங்கிப் போனாள்.

கையுறையைக் கழற்றியபடி எமல்டா கேட்டாள்:
"முடிவை மாத்திட்டாங்களா?"
"தெரியல," என்றேன்.
"பாதிதான் பாத்தேன்."