சில்லு

டிப்பர் புறப்பட்ட பிறகும்
அது நின்ற இடத்திலேயே குந்தியிருந்தாள்,
மாங்குளம் சந்தியில்,
பின்சில்லுகளுக்கு நடுவே மிஞ்சியவள்.
மூக்கில் மணல். ஒரு கீறலும் இல்லை.
சில்லு என்று கூப்பிட்டேன்.
அன்றிலிருந்து உருண்டுகொண்டிருக்கிறாள்.

என் விடுதி அறை பத்துக்குப் பன்னிரண்டு.
இரவு வேலை முடிந்து கதவைத் திறந்தால்
தலையணைப் பஞ்சு மின்விசிறிக் காற்றில் மிதக்கும்.
வெள்ளைச் சப்பாத்து இரண்டு சோடி முடிந்தது.
பெரிய மிஸி தந்த தவணை
மாதக் கடைசி.

சனங்கள் கேட்பது ஒன்றுதான்:
"கடுவனோ?"
பெட்டை என்றதும்
தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கோ என்பார்கள்,
ஒரு கை படலையில் இருக்கும்.
ஒப்பிரேசன் செய்தாச்சு, குட்டி போடமாட்டாள் என்று
மிருக வைத்தியரின் துண்டை நீட்டுவேன்.
முழுதாக வாசிப்பார்கள்.
வாசித்து முடிந்தாலும் பெட்டைதான்.

கனகபுரத்தில் வங்கிக்கார ரமணேஸ் எடுத்தார்.
பதினோராம் நாள் போய்ப் பார்த்தேன்.
சங்கிலி நான்கு முழம்.
அதன் எல்லை முழுக்க
கவராயத்தால் கீறினதுபோல் ஒரு வட்டம்
முழங்கால் ஆழத்துக்குக் கிண்டியிருந்தாள்.
அவர் கூடாதவர் இல்லை.
ஈரல் அவித்துப் போட்டிருக்கிறார்,
மழைக்குத் தகரம் வைத்திருக்கிறார்.
"இவளுக்கு ஏதும் வருத்தமோ, மிஸி?
படுக்கவே மாட்டாளாம்."

புளியங்குளத்து அருந்தவம் சேர் வீட்டில்
மூன்று நாள்.
ஆறு கோழியில் நான்கு.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்க
ஸ்கூட்டியின் கால்வைக்கும் இடத்தில் அவளை நிறுத்தி
ஒட்டுசுட்டான் தாண்டிப் போனேன்.
முத்தையன்கட்டில் சுகிர்தமலருக்கு
நாலு ஏக்கர் கச்சான்.
விடியக் குரங்கு, மத்தியானம் மயில், இரவில் பன்றி.
இருந்த நாய்க்கு வயது போய்விட்டது.
குரங்கு வந்தால்
ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடுமாம்.

நான் கேட்கவேண்டியதை எல்லாம்
பழைய மருந்துத் துண்டின் பின்பக்கம் எழுதியிருந்தேன்.
எங்கே படுக்கும், என்ன தின்னும்,
கட்டுவீர்களா, எவ்வளவு நேரம்.
துண்டை எடுக்கமுதல் அவள் தொடங்கினாள்.

"களைக்குமோ?"
நான் காணவில்லை.
"கிணத்துக் கட்டில ஏறுமோ?"
ஏறும்.
"பாம்பைக் கண்டா விலகுமோ?"
தெரியாது.
"வெடிக்குப் பயப்பிடுமோ?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன்.
குளக்கட்டுப் பக்கம்
யாரோ யானைவெடி கொளுத்திப் போட்டான்.

கச்சான் வரம்புகளுக்கு நடுவே கிடந்தோம்,
நானும் அவளும்,
கன்னம் மண்ணில் பதிய.
என் பிடரியில் அவள் கை.
எப்போது வைத்தாள் என்று
இரண்டு பேருக்கும் தெரியாது.
இரண்டாவது வெடி. மூன்றாவது.
எங்கள் முதுகுக்கு மேலால்
அங்கால் ஒருதரம், இங்கால் ஒருதரம்
பாய்ந்துகொண்டிருந்தாள் சில்லு.
இதைவிட நல்ல விளையாட்டு
இந்தப் பதினொரு மாதத்தில்
அவளுக்கு ஒருவரும் காட்டவில்லை.
சுகிர்தமலரின் ஒரு செருப்பைக் கவ்விக்கொண்டு
வேலி வரைக்கும் ஓடி,
யானை நின்ற காட்டைப் பார்த்துக் குரைத்து,
செருப்போடு திரும்பி வந்தாள்.

எழும்பினோம்.
சட்டையைத் தட்டினோம்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.
"விட்டிட்டுப் போங்கோ," என்றாள் அவள்,
செருப்பின் மறுமுனையை இழுத்தபடி.
சங்கிலியைப் பற்றிக் கேட்டேன்.
கிணற்று வாளியைக் காட்டினாள்:
"அங்க ஒண்டு கிடக்கு. அது வாளிக்கு."

திரும்பும் வழி முழுக்க
கால் வைக்க இடம் இருந்தது.
எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மூன்று கிழமை கழித்து
வாட்டில் நிற்கும்போது அழைப்பு.
"மிஸி, குரங்கெல்லாம் இப்ப
பக்கத்துக் காணியில.
அந்தாள் கேக்கிறார்,
இன்னுமொண்டு கிடக்கோ எண்டு.
பெட்டையெண்டாலும் காரியமில்லையாம்."