இரண்டாம் எண் பொத்தான்

தெலுக் இந்தான் வெயிலில்
நாற்பது காடிகளுக்கு நடுவே
அது மட்டும் வயிறு தரையில் இடிக்க
உட்கார்ந்திருந்தது.
"காத்து எறங்கிப்போச்சு, சாவி போட்டா எழும்பிரும்"
என்றான் சியோங், எங்கள் தமிழிலேயே.
போட்டான்.
முதலில் பின்புறம், அப்புறம் முன்புறம்.
எருமை எழுவதும் அப்படித்தான்.

ரேஞ்ச் ரோவர். முப்பத்தெட்டாயிரம் வெள்ளி.
ஓடியது இரண்டு லட்சத்து எண்பத்தாறாயிரத்துச் சொச்சம்.
நான் சொச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்:
நானூற்றுப் பதினேழு.
அந்தக் கடைசிப் பதினேழை ஓட்டியவர்
விற்க வந்த வழியில்
வானொலியைப் போட்டிருப்பாரா, அணைத்திருப்பாரா?

பாங் ரோஸ்லான் அடியில் படுத்துப் பார்த்தார்.
வெளியே வந்து
முகத்தை நெடுநேரம் துடைத்தார்.
அப்போதே தெரிந்துவிட்டது.
"இஞ்சின் ஓகே, காக்.
முன்பக்கக் காத்துப்பை ஒரு வருஷம் தாங்கும்.
கம்ப்ரசர், அது ஆண்டவன் கையில்.
மைவி வாங்கலாமே?"

எல்லாரும் மைவி சொன்னார்கள்.
கூட்டுப் பணம் என் கைக்கு வந்த அன்று
கமலவேணி சொன்னாள்.
பெட்ரோல் நிலையத்துப் பையன் சொன்னான்,
ரோட்டு வரியையும் சேர்த்துச் சொன்னான்.
சாப்பாட்டு மேசையில் கொழுந்தன் தேவேந்திரன்,
"அண்ணிக்கும் மைலேஜ் ஏறிப்போச்சு, நல்ல ஜோடி" என்றான்.
மேசை முழுக்கச் சிரிப்பு.
மீன்கறிக் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு
டயர் விலை விசாரிக்க எழுந்து போனேன்.

அவர்களிடம் சொல்லாதது ஒன்று உண்டு.
பத்தொன்பது வருஷம் பள்ளி வேன் ஓட்டுகிறேன்.
மூன்றாம் டிவிஷன் லயத்தில் தொடங்கி,
செம்பனை லோரிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி,
ஆலைப் புகைக்குக் கண்ணாடி ஏற்றி,
ஊத்தான் மெலிந்தாங் தமிழ்ப்பள்ளி வாசல் வரை.
காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை,
மழை பெய்து பாலம் முழுகினால் சுற்றுவழியில்.
அந்த வேனின் மீட்டர்
பதினோராம் வருஷமே நின்றுவிட்டது.
மாற்ற இருநூறு வெள்ளி கேட்டார்கள்,
அந்த மாசம் பிரேக்கும் போயிருந்தது.
அப்புறம் நான் ஓடிய ஓட்டத்தை
எந்த முள்ளும் எண்ணவில்லை.

இதிலோ எண்ணியிருக்கிறது.
யாரோ போன தூரம்தான்.
ஆனாலும் ஒன்று விடாமல்.

புஸ்பாகோம் சீட்டு வந்தது, சாவி வந்தது.
கதவோரம் இரண்டு பொத்தான்கள்.
ஒன்றை அழுத்தினேன்:
இருக்கை பின்னால் ஓடிப்போய்த் தாழ்ந்தது.
நெட்டையான ஆள், சாய்ந்து ஓட்டுகிறவர்.
என் கால் பெடலுக்கு எட்டவில்லை.
இரண்டை அழுத்தினேன்:
முன்னால் வந்தது, உயர்ந்தது,
கண்ணாடிகள் இரண்டும் குனிந்தன,
இடுப்பில் எனக்கு வலிக்கும் இடத்தில்
மெல்ல ஒரு முட்டுக் கொடுத்து நின்றது.
என் ரவிக்கைக்கு அளவெடுக்கிறவளுக்குக்கூட
இவ்வளவு சரியாக வந்ததில்லை.

திரையில் இன்னும் ஒரு பெயர்: ரொஹானா.
கீழே 'வீட்டுக்குப் போகவா?' என்று ஒரு கேள்வி.
தொட்டேன். டாமன்சாரா, இரண்டு மணி நேரம் என்றது.
வேண்டாம் என்றேன்.
அழிக்கவா என்று கேட்டது.
அதற்கும் வேண்டாம்.

வீட்டுக்கு இருபத்தொன்று.
சாயங்காலம் காரணமில்லாமல்
மீன்பிடிப் படகுத்துறை வரை போய்த் திரும்பினேன், பதினான்கு.
பெர்னாம் ஆறு கலங்கலாகக் கிடந்தது.
இறங்கவில்லை.
பின்சீட்டில் யாரும்
"ஆன்ட்டி, வாந்தி வருது" என்று சொல்லவில்லை.
ஆனாலும் மூன்று தடவை கண்ணாடியில் பார்த்துக்கொண்டேன்.

அணைக்கும்போது நானூற்று ஐம்பத்திரண்டு.
முப்பத்தைந்து என்னுடையது.

இனி ராத்திரியில் ஒரு வேலை கூடிவிட்டது.
எதிர்வீட்டுச் செவலைப்பூனை
அடியில் சூட்டுக்குப் படுக்க வருகிறது.
விளக்குமாற்றை உள்ளே விட்டுத் தட்டினேன்.
அது வெளியே வந்து,
என்னை ஒரு பார்வை பார்த்து,
சாக்கடை ஓரமாகப் போனது.
அப்புறம்தான் காடி
உஸ்ஸென்று உட்காரத் தொடங்கியது.