மழைக்கும் கத்தும் தூண்

கருங்கடல் ஓரம், ஜார்ஜியாவின் எல்லைச் சாவடி.
மூன்று நாளாக விட்டுவிட்டு மழை.
பாதையின் இருபுறமும் புதிதாய் நட்ட மஞ்சள் தூண்கள்.
இந்தத் தரையும் மலையும் சும்மா இருக்கும்போதே
விநாடிக்கு நானூற்றுப் பத்து என்று எண்ணுகின்றன.
மழை வலுத்தால் ஐநூறு.
காற்றில் அலைந்த ரேடானின் பிள்ளைகளை
மேகம் வாரிக் கொட்டுகிறது, அவ்வளவுதான்.
அரைமணியில் பாதியாய் அடங்கிவிடும்.
காவலர் தெங்கிஸுக்கு இதை நான்கு முறை விளக்கியாயிற்று.
"அப்படியானால் மழைநாளில் அணைத்து வைக்கலாமே"
என்கிறார்.

ஜும்பர் என் திருடன்.
தினம் காலை ஒன்பதுக்கு
சட்டைப்பையில் சீசியம் வில்லையோடு நடக்கிறான்,
மெதுவாக,
அப்புறம் விரைவாக,
அப்புறம் வில்லையை ஈயத்தகட்டில் சுற்றிக்கொண்டு.
ஐம்பது நடையில் நாற்பத்தொன்பதுக்குக் கத்தியது தூண்.
கத்தாத அந்த ஒன்றுக்காகத்தான் எனக்குச் சம்பளம்.

நிஜத் திருடன் இதுவரை வரவில்லை.
வந்து, தெரியாமலே போயும் இருக்கலாம்.
இரண்டுக்கும் பதிவேட்டில்
ஒரே வெற்றுக் கட்டம்.

லாரி நுழையும்போது எண் முதலில் குறையும்;
இருபது டன் இரும்பு
தரையின் முணுமுணுப்பை மறைத்துக்கொள்ளும்.
கனத்த ஒன்று வந்திருப்பதை
ஒரு குறைவிலிருந்துதான் அறிகிறேன்.
பிறகு குளியலறை ஓடு கத்தும். உரமூட்டை கத்தும்.
பூனைக்கு விரிக்கிற களிமண்கூடக் கத்தும்.

நேற்று மாலை
காலி லாரி ஒன்று கத்தியது.

கைக்கருவியோடு சுற்றி வந்தேன்.
சக்கரத்தில் இல்லை. டீசல் தொட்டியில் இல்லை.
ஓட்டுநரின் கழுத்தருகே எண் எகிறியது.
திரையில் முந்நூற்று அறுபத்து நான்கில் ஒரு மேடு.
அயோடின்.
பாம்பின் கால் பாம்பறியும்:
என் கருவிக்குள் இருக்கும் படிகமும்
அயோடின் கலந்த உப்புதான்.

ரிஸே ஊர்க்காரர், பெயர் செலாமி.
என் தொண்டையைத் தொட்டு, ஆஸ்பத்திரியா என்றேன்.
அவர் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார்.
பின் லாரியில் மைத்துனர்.
மனைவிக்கும் சொல்லவில்லையாம்.
ஆறு நாள் ஓட்டல் அறையில் தனியே இருந்துவிட்டு
சரக்கு தாமதம் என்று போன் செய்தாராம்.

"என்னவாம்?" பின்னாலிருந்து மைத்துனரின் குரல்.

"மழை" என்றேன்,
எனக்குத் தெரிந்த துருக்கியில்.
"மழைக்கும் கத்தும் இது."

பதிவேட்டில் எழுத வேண்டியதை எழுதினேன்:
மருத்துவம். அனுமதி.
இரண்டு லாரிகளும் பதூமி பக்கம் திரும்பி மறைந்தன.

"மழையா, லமாரா?"
தெங்கிஸ் கூண்டிலிருந்து கையை வெளியே நீட்டி
உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்.
காய்ந்திருந்தது.

தூண்
நானூற்றுப் பத்து என்றது.